கல்லறை எழுத்து

போன வாரம் கடைப் பக்கம் வந்திருந்தேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் கணினியைத் துழாவிக்கொண்டிருந்தார். ஒரு ஃபாண்ட் இருக்கும் ஃபோல்டருக்கு மட்டும் ஏன் ‘கல்லறை’ என்று பெயர் வைத்திருக்கிறது என்று கேட்டார். மற்றவர்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்து மழுப்பிவிட்டு, டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபிறகு மனசு கேட்கவில்லை. சிரித்து மழுப்புகிற சங்கதியா அது? ஏற்காட்டில் இந்த அச்சுக்கடையின் வடிவமைப்பு மேசையில் என் பாதி ஆயுளைக் கழித்தவள் நான். அந்தப் பெயரை வைத்தவளும் நான்தான். காரணத்தை நானே சொல்லிவிட்டால் நல்லது. இல்லாவிட்டால் நீங்களாக ஒரு பேய்க்கதை கட்டிவிடுவீர்கள்.

முதலில் அந்த எழுத்தைப் பற்றிச் சொல்கிறேன். அது ஆங்கிலத்துக்கான சாய்வெழுத்து. நேராக நிற்கும் எழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்த்தது அல்ல, சாய்ந்தே பிறந்தது. கணினியில் ஒரு பொத்தானைத் தட்டி எதையும் சாய்த்துவிடலாம் என்று நினைக்கிறீர்களே, அப்படிச் சாய்த்தது குடித்துவிட்டு வருகிற ஆள் மாதிரி இருக்கும். இது அப்படி இல்லை. கனத்த கோடும் மெல்லிய கோடும் மாறி மாறி வரும். ஒவ்வொரு முனையிலும் சின்னதாக ஒரு கொக்கி. எச் எழுத்தின் கால் உள்பக்கமாக மடங்கி நிற்கும். பத்தி பத்தியாக வைத்தால் கண் வலிக்கும், சின்ன அளவில் வைத்தால் மெல்லிய கோடு அச்சில் ஏறாமல் போய்விடும். ஆனால் ஒரே ஒரு பெயரை மட்டும் தனியாக வைத்துப் பாருங்கள். யாரோ நம்மை மெதுவாகக் கூப்பிடுவது போல இருக்கும். சாவு வீட்டுக்காரர்களுக்கு அது பிடித்துப்போனதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

நம் கடை இங்கே நினைவு அட்டைகள் மட்டுமா அடித்தது? கல்லறைக் கல்லுக்கு வரைபடமும் நாம்தான் போட்டுக் கொடுத்தோம். அதை வைத்துத்தான் சேலத்துக் கல்வெட்டுக்காரர்கள் கிரானைட்டில் வெட்டிக்கொண்டு வருவார்கள். எனக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவர் முதல் அட்டைக்கு இந்த எழுத்தைப் பிடித்தார். அடுத்து வந்த துக்க வீட்டுக்காரர், “அவங்களுக்குப் போட்ட அதே எழுத்து” என்றார். அதற்கடுத்தவரும் அதையே சொன்னார். துக்கத்தில் வருகிறவர்களிடம் பத்து மாதிரியை விரித்துக் காட்டவா முடியும்? இது சின்ன மலையூர், எல்லோரும் எல்லோருடைய அடக்கத்துக்கும் போகிறவர்கள். சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே சரிவாக இறங்குகிற அந்தக் கல்லறைத் தோட்டம் முழுக்க ஒரே எழுத்தாகிப் போனது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை.

அதன் விளைவை நான் மெல்ல மெல்லத்தான் கண்டேன். ஒரு பள்ளிக்கூடத்துப் பரிசுச் சான்றிதழில் அழகாக இருக்குமே என்று அந்த எழுத்தில் பிள்ளைகளின் பெயரை வைத்தோம். எந்தத் தாயும் அதைச் சட்டம் போட்டு மாட்டவில்லை. மஞ்சக்குட்டை போகிற சாலையில் ஒரு விடுதிக்குப் பெயர்ப்பலகை அதே எழுத்தில் செய்து கொடுத்தோம். சமையலுக்கு வந்த வாழவந்தி கிராமத்துப் பெண் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். கேட்டால், “உள்ள வர மனசு ஒப்பலீங்க” என்றாள், அவ்வளவுதான். அவளுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. பலகையை மாற்றினோம். மறுநாள் வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். ஒரு எழுத்தின் குணத்தில் பாதிதான் அதன் உருவத்தில் இருக்கிறது, மீதிப் பாதி அது இதுவரை எங்கெங்கே நின்றது என்பதில் இருக்கிறது. எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குத்தான், யாரும் தெரியாமல் எடுத்துவிடக் கூடாதென்று, ஃபோல்டருக்கு அந்தப் பெயரை வைத்தேன்.

இனி பிலோமினாம்மா விஷயத்துக்கு வருகிறேன்.

அவர் கணவர் சவரிமுத்து ஒரு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கோடையில் இறந்துபோனார். மகன் அந்தோணி ஜீப் ஓட்டுகிறவன், தலைச்சோலையில் கொஞ்சம் காபித் தோட்டமும் உண்டு. கல்லுக்கு வரைபடம் கேட்டு அவன்தான் வந்தான். இங்கே சில குடும்பங்களில் ஒரு வழக்கம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். கணவன் மனைவி இருவருக்கும் ஒரே கல். ஒருவர் போனதும் மற்றவர் பெயரையும் சேர்த்தே வெட்டிவிடுவார்கள். பிறந்த தேதி இருக்கும், அதற்குக் கீழே இடம் வெறுமனே விட்டிருக்கும். “அப்பா பேருக்கு எந்த எழுத்தோ அம்மாவுக்கும் அதேதானுங்க்கா” என்றான் அந்தோணி. போட்டுக் கொடுத்தேன். நானே சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன், அந்த வேலை நன்றாக வந்திருந்தது. மெருகேற்றிய கருங்கல்லில் தங்க வண்ணம் பூசிய இரண்டு பெயர்கள் அருகருகே ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன.

புரட்டாசி மழை பிடித்திருந்த ஒரு மத்தியானம் பிலோமினாம்மா கடைக்கு வந்தார். அன்றைக்கு மூடுபனி கதவு வழியாக உள்ளேயே வந்துகொண்டிருந்தது, அதோடு சேர்ந்து அவரும் வந்தார். குடையை மடக்கினார், சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், என் எதிரில் உட்கார்ந்தார். கல்லுல தேதி எப்படி வரும் என்று ஒரு தடவை போட்டுக் காட்டச் சொன்னார். அவர் கணவர் தேதியில் ஏதோ பிழை என்று நினைத்துப் பதறிப்போய் ஃபைலைத் திறந்தேன்.

“அவருது இல்ல கண்ணு. என்னுது.”

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவர் நிதானமாக ஒரு தேதியைச் சொன்னார். நவம்பர் இரண்டு, வரப்போகிற கல்லறைத் திருநாளின் தேதி அது.

“அது ஏற்கெனவே அங்க இருக்குதுங் கண்ணு. காத்தால தெனமும் போயித் தொட்டுப் பாக்கறேன். வெரலுக்குத் தெரியுது. கடைசில வெட்டறவன் கோணலா வெட்டீரக் கூடாதுல்ல, அதான் நீயே ஒழுங்காப் போட்டு வெச்சிரு.”

புடவைக்கு ஜாக்கெட் அளவு சொல்கிற குரலில் இதைச் சொன்னார். பிரிண்டர் ரிப்பேர் என்று ஒரு பொய்யைச் சொல்லி அவரை அனுப்பிவைத்துவிட்டு அந்தோணியைப் போனில் பிடித்தேன். கோழிகளையெல்லாம் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாராம். நல்ல சேலைகளை மருமகளுக்குப் பிரித்துக் கொடுத்தாயிற்றாம். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் சாப்பிட வேண்டிய மாத்திரைகள் அட்டை அட்டையாக அரிசி டின்னுக்குள் பிரிக்காமல் கிடந்தன என்று அன்றுதான் கண்டுபிடித்தார்களாம். வாயில் திணித்தால் துப்பிவிடுகிறார். இப்படியே விட்டால் அந்தத் தேதி வரைக்கும்கூடத் தாங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

மறுநாள் காலை அந்தோணியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். பத்தடி தள்ளி நின்றால் ஆள் தெரியாத பனி. மிளகுக்கொடி படர்ந்த மரங்களில் இருந்து சொட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. பழைய கற்களில் மெல்லிய கோடுகளையெல்லாம் பாசி அடைத்துவிட்டிருந்தது, பெயர்கள் அங்கங்கே விட்டு விட்டுத் தெரிந்தன. சவரிமுத்துவின் கல் முன்னால் போய் நின்றோம். கல் முழுக்கப் பனி படிந்து வெளுத்திருந்தது. பிலோமினா என்ற பெயருக்குக் கீழே, வெறுமனே விட்ட அந்த இடத்தில், தேதி இருந்தது.

நானே பார்த்தேன். அந்தோணியும் பார்த்தான். பனி ஒட்டாமல் கருகருவென்று எண்கள் தெரிந்தன. வலப்பக்கம் சாய்ந்திருந்தன. என் எழுத்தின் அதே சாய்வு.

அந்தோணி தோளில் கிடந்த துண்டால் அழுத்தித் துடைத்தான். கொஞ்ச நேரத்தில் பனி மறுபடி படிந்தது, எண்கள் மறுபடி வந்தன. வெயில் லேசாக எட்டிப் பார்த்ததும் கல் காய்ந்தது, அங்கே ஒன்றும் இல்லை. தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது.

நான் பயந்தேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. வீட்டுக்குப் போய் அடுப்படியில் நின்று யோசித்தபோதுதான் புத்தி வேலை செய்தது. தலைக்கு எண்ணெய் தேய்த்த விரலால் மெருகுக் கல்லில் தினமும் ஒரே இடத்தில் எழுதினால் அந்தப் பசையில் பனி ஒட்டாது. உலர்ந்த துண்டுக்கும் அது போகாது. குளியலறைக் கண்ணாடியில் உங்கள் பிள்ளைகள் செய்கிற வேலைதான். எழுதியது பிலோமினாம்மாவின் விரலாகத்தான் இருக்க வேண்டும். தொட்டுப் பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டே எழுதியிருக்கிறார். கல்லில் இருக்கும் மற்ற தேதிகளைப் பார்த்துப் பழகியிருக்கலாம்தான். ஆனால் இந்த எண்களை நான் அவருக்குப் போட்டுக் காட்டவே இல்லையே, அச்சுப் பிசகாத அந்தச் சாய்வு அவர் விரலுக்கு எப்படி வந்தது? இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்ததாக நடிக்கவும் மாட்டேன்.

அந்தோணி கொதித்துப்போனான். கல்வெட்டுக்காரரை வரவழைத்து அம்மா பெயரையே மழித்துவிடச் சொல்கிறேன் என்றான். கல்வெட்டுக்காரரும் மேல்பரப்பை இழைத்து எடுத்துவிடலாம் என்று ஒப்புக்கொண்டார். இது பிலோமினாம்மா காதுக்குப் போனதும் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

“உசுரோட இருக்கறவ பேர அழிச்சீங்கன்னா, அழிக்கற அன்னைக்கே போயிருவேன்.”

முன்னால் போனால் கடிக்கும், பின்னால் போனால் உதைக்கும் என்பார்களே, அந்தக் கதைதான். பெயரை விட்டுவைத்தாலும் சாவு, அழித்தாலும் சாவு. பாதிரியார் வந்து ஜெபம் செய்துவிட்டுப் போனார். பிலோமினாம்மா மரியாதையாக ஆமென் சொன்னார், மாத்திரையை மட்டும் தொடவில்லை. நோய்க்கும் பார், பேய்க்கும் பார் என்ற கணக்கில் வீட்டார் எல்லாவற்றையும் செய்து ஓய்ந்துவிட்டார்கள். அந்தோணி கடை வாசலில் ஜீப்பை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, “நீங்கதான போட்டீங்க, நீங்களே ஏதாச்சும் பண்ணுங்க்கா” என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பேன். அவன் கெஞ்சினான்.

அவன் போனபிறகு ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். கைபோன போக்கில் சவரிமுத்து பெயரை நகர்த்தி ஓரம் வைத்தேன். கறுப்புப் பின்னணியை எடுத்தேன். தேதிகளை எடுத்தேன். முந்தைய நாள் ஏதோ வேலைக்கு வைத்திருந்த பழுப்புக் காகித நிறம் பின்னால் வந்து நின்றது. திரையில் பிலோமினா என்ற பெயர் மட்டும் தனியாக இருந்தது. பி எழுத்தின் வயிறு நிறைந்திருந்தது, எச்சின் கால் மடங்கியிருந்தது. கல்லறை எங்கே போனது? ஏதோ மணக்கிற பண்டத்தின் பெயர் மாதிரி அல்லவா இருந்தது. அந்த எழுத்து ஒரு பாவமும் அறியாதது. அதைக் கல்லறையிலேயே நிற்கவைத்துப் பழக்கியது நாம்தான். வேறு இடத்திலும் நிற்கவைத்தால்?

அந்தோணி தன் தோட்டத்துக் காபியை வறுத்து அரைத்து வெறும் கவரில் விற்றுக்கொண்டிருந்தான். அதற்கு அம்மா பெயரை வைக்கலாம், கல்லில் இருக்கும் அதே வரைபடத்திலிருந்து, ஒரு கோடு மாற்றாமல், என்றேன். அவன் என்னைப் பைத்தியம் என்று நினைத்தான். கல்லறை எழுத்தில் காபிப்பொடி வந்தால் இந்த ஊரில் எவன் வாங்குவான்? அவன் கேட்டது நியாயம். யாரும் வாங்காமல் போனால் அதையும் அந்த அம்மாள் பார்ப்பார். செத்தவள் பேரை யார் வீட்டுக்குள் கொண்டுபோவார்கள் என்று அவர் மனசில் ஆணி அடித்த மாதிரி ஆகிவிடும். மாற்று எழுத்தில் வைக்கலாமே என்றான். வேறு எழுத்தில் வைத்தால் அது வேறு பிலோமினா, கல்லில் இருப்பவர் கல்லிலேயே இருந்துவிடுவார் என்று சொன்னேன். இதை எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று கேட்காதீர்கள். உங்களுக்கும் ஒரு நாள் இப்படிச் சொல்ல வேண்டிவரும். அப்போது பாதிதான் தெரிந்திருக்கும், மீதிக்கு நாம்தான் பொறுப்பேற்க வேண்டும்.

ஆனால் உயிரோடு இருப்பவர் பெயரை இரண்டாவது தடவையும் அவரைக் கேட்காமல் போடக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். மாதிரி பாக்கெட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கால் வீங்கியிருந்தது. கையில் கொடுத்தேன். விரலால் பெயரைத் தடவினார். கல்லிலேயே இருக்கிற பெயர் இனி எங்கே இருந்தால் என்ன, உங்கள் இஷ்டம் என்கிற மாதிரி ஏதோ முனகினார். சரி, காரியம் கெட்டது என்று நான் எழுந்துகொண்டேன். வாசல்வரை வந்துவிட்டேன், பின்னாலிருந்து குரல் வந்தது.

“சிக்கிரி கலக்கறானா அவன்?”

ஆமாம், கொஞ்சம் கலக்கிறான் என்றேன்.

“சிக்கிரி கலந்த பொடிக்கு எம் பேரு போடக் கூடாது. சொல்லீரு அவங்கிட்ட.”

நான் தெருவில் நின்று அழுதேன். செத்துப்போக நாள் குறித்தவருக்குச் சிக்கரி எதற்கு?

சிக்கரி இல்லாத பொடி கடைகளுக்குப் போனது. அந்தோணி சொன்னதுதான் நடந்தது. ரவுண்டானா பக்கத்துக் கடைக்காரர் பாக்கெட்டைக் கண்ட மாத்திரத்தில் பிஸ்கட் டின்னுக்குப் பின்னால் தள்ளிவைத்தார். ஒரு பெண் எடுத்துப் பார்த்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், நம் ஊரார் கண்ணுக்குச் சாய்ந்ததெல்லாம் கல்லறை. பொடி அப்படியே கிடந்தது. அந்தோணி என்னோடு பேசுவதை நிறுத்தினான். பிலோமினாம்மா தினமும் எத்தனை போச்சு என்று மட்டும் கேட்பாராம். அவன் வாயைத் திறக்கமாட்டானாம். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாராம். கல்லறைத் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

பிறகு பூஜை விடுமுறைக் கூட்டம் மலையேறியது. அவர்களுக்கு நம் கல்லறைத் தோட்டத்தைத் தெரியுமா, சான்றிதழைத் தெரியுமா? அவர்கள் கண்ணுக்கு அது வெறும் அழகான எழுத்து. பழைய காலத்துத் துரை வீட்டு டப்பா மாதிரி இருக்கிறதே என்று கேட்டு வாங்கினார்கள். பாக்கெட்டுகள் டின்னுக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்தன. ஆனாலும் பிலோமினாம்மா மாத்திரையை மட்டும் வாயில் போட்டுக்கொள்ளவில்லை. எத்தனை விற்றால் என்ன, அந்தத் தேதி வந்துகொண்டுதான் இருந்தது.

அந்த நாளும் வந்தது. கல்லறைத் திருநாளுக்கு ஊரே அங்கே இருக்கும். என் அப்பா கல்லும் அங்கேதான் இருக்கிறது, நானும் சாமந்தியும் மெழுகுவத்தியுமாகப் போயிருந்தேன். காலையிலிருந்தே பனி விலகவில்லை. மெழுகுவத்திகள் ஒவ்வொன்றும் மங்கலாகத் தெரிந்தன, பக்கத்தில் நிற்கும் ஆள் தெரியவில்லை. பிலோமினாம்மாவை அந்தோணி ஜீப்பில் ஏற்றிக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். வெள்ளைச் சேலை கட்டியிருந்தார். வராமல் தடுத்தால் நடந்தே போய்விடுவேன் என்றாராம். கல்லுக்குப் பின்பக்கம் காற்று படாத இடத்தில் மெழுகுவத்தி ஏற்ற உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை. நான் நாலு கல் தள்ளி நின்று அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லின் முன்பக்கத்தில் பனி படிந்து, அந்த எண்கள் மறுபடி கறுத்துத் தெரியத் தொடங்கியிருந்தன.

அப்போது வெளியூர்ப் பெண் ஒருத்தி கணவனோடு படி இறங்கி வந்தாள். சுற்றிப் பார்க்க வந்தவர்கள், விளக்குகளைப் பார்த்து உள்ளே நுழைந்திருக்கிறார்கள். ஒவ்வொரு கல்லாகப் படித்துக்கொண்டே வந்தவள் சவரிமுத்துவின் கல் முன்னால் நின்றாள். குனிந்தாள். தோள் பையைத் திறந்து அதிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தாள். காலையில்தான் வாங்கியிருப்பாள் போல, ஓரம் பிரித்திருந்தது. பாக்கெட்டையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரே பெயர், ஒரே எழுத்து, ஒரே சாய்வு. கணவன் கையைப் பிடித்துக்கொண்டு, “இந்தம்மா இறந்துட்டாங்க போல” என்றாள்.

கல்லுக்குப் பின்னாலிருந்து பனிக்குள் வெள்ளையாக ஒரு உருவம் எழுந்து நின்றது.

“நாந்தானுங்க அது.”

அந்தப் பெண் அலறிய அலறலில் தோட்டமே திரும்பிப் பார்த்தது. கையிலிருந்த பாக்கெட் கவிழ்ந்து பொடி முழுக்கக் கல்லின்மேலும் அடியிலும் கொட்டியது. ஈரத்தில் விழுந்ததும் வாசனை குப்பென்று எழுந்தது. கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நடுங்கினார்கள். பிலோமினாம்மா அவர்களைப் பார்த்தார், தன் வெள்ளைச் சேலையைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். அவருக்கு உதடு துடித்தது. அழப்போகிறார் என்று நினைத்து நான் ஓடினேன். அவர் சிரித்தார். கல்லைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சவரிமுத்து போனபிறகு அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

“பயப்படாதீங்க சாமி. உசுரோடதான் இருக்கறனுங்க” என்றார் அந்தப் பெண்ணிடம். பிறகு முன்பக்கம் வந்து, கல்லடியில் கிடந்த பொடியைப் பார்த்து முகம் மாறினார். நல்ல பொடி இப்படி வீணாப்போச்சே என்று முணுமுணுத்துக்கொண்டே குனிந்தார். சேலைத் தலைப்பை ஈரத்தில் நனைத்து, அந்தப் பொடியையும் சேற்றையும் சேர்த்து, பெயருக்குக் கீழே இருந்த இடத்தை அழுத்தி அழுத்தித் துடைத்தார். காபிப்பொடி பாத்திரத்து எண்ணெயையே எடுத்துவிடும் என்று நமக்குத் தெரியாதா. துடைத்து முடித்துக் கையை உதறினார். நான் அங்கேயே நின்றேன். பனி திரும்ப வந்து கல்லில் படிந்தது. அந்த இடம் முழுசாக வெளுத்தது. எண் ஒன்றும் வரவில்லை.

அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. வீட்டுக்கு வந்தால் வேறு பாக்கெட் தருவதாக அந்தப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கல் மேடையில் உட்கார்ந்தார். அந்தோணி பதறி அருகில் போனான்.

“படபடன்னு வருதுடா. அந்த மாத்திர எங்க வெச்சிருக்கற?”

அவன் சட்டைப்பையிலேயேதான் வைத்திருந்தான்.